சைக்கிள் மேனேஜர் கேம்: கேரியரில் குதிப்பதா, ஒற்றை ஸ்டேஜில் பழகுவதா?

சைக்கிள் ரேஸ் டீம் ஒன்றை நடத்தும் கம்ப்யூட்டர் கேமான புரோ சைக்கிளிங் மேனேஜரை நிறுவி முடித்ததும் வரும் முதல் மெனுவிலேயே புதியவர் குழம்பிவிடுவார். கேரியர், ஒற்றை ஸ்டேஜ், டூர், புரோ சைக்கிளிஸ்ட், டிராக், ஆன்லைன் என்று வரிசையாக நிற்கும். எதில் ஆரம்பித்தால் ரேஸ் நடத்தப் படிக்கலாம்? நாகர்கோவிலில் எஞ்சினீயரிங் படிக்கிற என் சித்தி மகன் இதைத்தான் கேட்டான்.

"எண்ணே, நேரா கேரியர்ல பெரிய டீம் ஒண்ண எடுத்து டூர் டி பிரான்ஸ் ஓட்டட்டா? ஓட்ட ஓட்டப் படிச்சிரலாம்லா?"

"சிமுலேட் பட்டன அமுக்கத்தான் படிப்ப மக்கா."

அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒற்றை ஸ்டேஜ்தான். (ஸ்டேஜ் என்பது பல நாள் ரேஸில் ஒரு நாள் ஓட்டம்.) ஆனால் மற்ற வழிகள் வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பாடம் நடத்துகிறது. எந்தப் பாடம் உங்களுக்கு இப்போது வேண்டும் என்பதுதான் கேள்வி.

கேரியரில் நீங்கள் டீம் மேனேஜர். ஒப்பந்தம், ஸ்பான்சர் கேட்கும் இலக்கு, எந்த ரேஸுக்கு யாரை அனுப்புவது, யார் எந்த மாதம் முழு பலத்தில் இருக்க வேண்டும், எந்த இளைஞனை எடுத்து வளர்ப்பது என்று எல்லாம் உங்கள் தலையில். அருமையான விளையாட்டு, மறுப்பில்லை. ஆனால் சாலையில் நடக்கும் ரேஸ் அதில் ஒரு பங்குதான். முப்பரிமாணத்தில் ஒரு ஸ்டேஜை ஓட்டி முடிக்க, கடிகாரத்தை வேகமாக்கினாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். டூர் டி பிரான்ஸில் 21 ஸ்டேஜ். ஒரு சீசனில் அதுபோல எத்தனையோ ரேஸ். ஆள் எவ்வளவு பொறுமைசாலியானாலும் ஒரு கட்டத்தில் முடிவை மட்டும் தரும் சிமுலேட் பொத்தானுக்குத்தான் கை போகும். அப்புறம் கணக்கப்பிள்ளை வேலை நன்றாகப் படிந்துவிடும். ரேஸ் படியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதியவர்கள் எடுப்பது எப்போதும் மிகப் பெரிய டீமைத்தான். அதன் லீடர் மலையில் மற்ற எல்லோரையும்விடப் பலசாலி. தப்பான இடத்தில் அட்டாக் கொடுத்தாலும், அதாவது கூட்டத்தை விட்டுப் பாய்ந்தாலும், ஜெயித்துவிடுவார். நீங்கள் ஏன் ஜெயித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஜெயித்ததால் பாடம் தவறிப்போவது இந்த கேமில் சர்வசாதாரணம்.

வீட்டில் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இருப்பவர்கள் டூர் டி பிரான்ஸ் என்ற பெயரில் வரும் கேமைப் பார்த்திருப்பார்கள். அதைச் செய்வதும் பிரான்ஸின் சயனைட் ஸ்டூடியோதான். மேனேஜர் கேம் பிசிக்கு மட்டும். கன்சோல் கேமில் நீங்கள் ஒரே ஒரு வீரர். ஹேண்டிலைத் திருப்புவது, பிரேக் பிடிப்பது, வளைவில் இறங்குவது எல்லாம் உங்கள் கை. திரையில் இரண்டு பட்டைகள்: நீலம் நீண்ட தூரத் தெம்பு, சிவப்பு அட்டாக்குக்கும் ஸ்பிரிண்டுக்கும் வேண்டிய வெடிப்பு. ஜெல் சாப்பிட்டு அவற்றைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளலாம். சிவப்புப் பட்டை எவ்வளவு சீக்கிரம் காலியாகும், முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்தால் நீலப் பட்டை எப்படி மெதுவாகக் கரையும் என்பது இரண்டு ஸ்டேஜுக்குள் உடம்பில் ஏறிவிடும். இந்த ஒரு பாடத்தை இவ்வளவு வேகமாக வேறெதுவும் சொல்லித்தராது.

ஆனால் மேனேஜர் கேமில் ஹேண்டிலே கிடையாது. வீரர் தானே ஓட்டிக்கொள்வார். யார், எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு முயற்சி போட வேண்டும் என்பது மட்டுமே உங்கள் உத்தரவு. அதனால் கன்சோலில் வளைவு எடுத்துப் பழகிய விரல்களால் இங்கே பிரயோஜனமில்லை. ஒரே நேரத்தில் எட்டுப் பேரைக் கவனிப்பதுதான் இங்கே கஷ்டம், அதை அங்கே பழக முடியாது. (2018 முதல் டூர் டி பிரான்ஸில் ஒரு டீமுக்கு எட்டுப் பேர். அதற்கு முன் ஒன்பது.) கன்சோல் ஏற்கெனவே இருந்தால் ஆடிப் பாருங்கள். இதற்காக ஒன்று வாங்க வேண்டாம். மேனேஜர் கேமுக்குள் இருக்கும் புரோ சைக்கிளிஸ்ட் முறையும் ஒற்றை வீரரை வளர்ப்பதுதான். பொத்தான்கள் மட்டும் மேனேஜர் கேமுடையவை. எட்டுப் பேர் மலைப்பாக இருந்தால் அதில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம்.

கம்ப்யூட்டரே இல்லாமல் கற்க ஒரு வழி இருக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள். ஃபிளாம் ரூஜ் என்றொரு பலகை விளையாட்டு, 2016-இல் வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வீரர்கள்: ஒரு ரூலர், ஒரு ஸ்பிரிண்டர். ரூலர் என்பவர் சமதரையில் சலிக்காமல் மிதிப்பவர், ஸ்பிரிண்டர் கடைசி நேரத்தில் பாய்பவர். ரூலருடைய சீட்டுகள் 3, 4, 5, 6, 7, ஒவ்வொன்றிலும் மூன்று. ஸ்பிரிண்டருடையவை 2, 3, 4, 5, 9, அவையும் மூன்று மூன்று. நாலு சீட்டு எடுத்து ஒன்றைப் போட வேண்டும். போட்ட சீட்டு திரும்ப வராது. எல்லோரும் நகர்ந்த பிறகு, முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் பின்னால் இருப்பவர் இலவசமாக ஒரு கட்டம் ஒட்டிக்கொள்வார். தனக்கு முன் காலிக் கட்டத்தோடு, காற்றை நேரே வாங்கி நிற்பவருக்கு 2 என்று அச்சிட்ட களைப்புச் சீட்டு ஒன்று அவருடைய சீட்டுக்கட்டில் சேரும்.

கூட்டிப் பாருங்கள். ரூலரின் சீட்டுகள் மொத்தம் 75. ஸ்பிரிண்டருடையவை 69. மூன்று 9 வைத்திருக்கிற ஸ்பிரிண்டர்தான் மொத்தத்தில் பலவீனர்! யாராவது அவரை இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அந்த 9 போடும் இடத்துக்கே வந்துசேர மாட்டார். டீம் எதற்கு, ஸ்பிரிண்டருக்குக் காற்றை மறைத்துக் கடைசி வரை இழுத்துப்போகும் லீட்-அவுட் எதற்கு என்பதை இதைவிடச் சுருக்கமாக எதுவும் எனக்கு விளக்கியதில்லை. ஏற்றத்தில் யாரும் ஐந்துக்கு மேல் நகர முடியாது, அங்கே ஒட்டிக்கொள்ளும் சலுகையும் கிடையாது என்ற விதியில் மலை ஸ்டேஜின் இயல்பும் வந்துவிடுகிறது. ஆடி மாதக் காற்றில் கரண்ட் போன சாயங்காலம், அக்கா தங்கச்சியோடு உட்கார்ந்து ஆடலாம். மேனேஜர் கேமின் பொத்தான்களைப் பற்றி இது எதுவும் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தான்கள் எதற்கு இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடும்.

இனி ஒற்றை ஸ்டேஜ். இதில் ஒப்பந்தம் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. ஒரு பாதை, ஒரு டீம், ஒரு நாள். தோற்றால் அதே பாதையை மறுபடி ஓட்டி, ஒரே ஒரு முடிவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கேரியரில் இந்த வசதி இல்லை. நேற்றைய ஸ்டேஜின் களைப்பும் நாளைய ஸ்டேஜின் கவலையும் சேர்ந்து, எது எதனால் நடந்தது என்று பிரித்தறிய விடாது.

சமதரை ஸ்டேஜ் ஒன்றை எடுங்கள். நல்ல ஸ்பிரிண்டர் ஒருவர் இருக்கிற நடுத்தர டீமை எடுங்கள். வீரர்களின் எண்களில் ஸ்பிரிண்ட், ஆக்சலரேஷன், ஃபிளாட் மூன்றையும் பார்த்தால் யார் ஸ்பிரிண்டர், யார் இழுத்துக்கொண்டு போகிறவர், யார் வெறும் கூலிக்காரர் என்று தெரிந்துவிடும். தொடங்கியதும் யாராவது சிலர் பாய்ந்து ஓடுவார்கள். ஓடட்டும். பெலட்டான் என்கிற பெருங்கூட்டத்துக்குள் உங்கள் ஸ்பிரிண்டரை ஒருவர் பாதுகாக்கும்படி உத்தரவு போட்டுவிட்டு, இன்னொருவரை முன்னால் ரிலேக்கு அனுப்புங்கள். அதாவது, மற்ற டீம்களின் ஆட்களோடு மாறி மாறிக் காற்றை வாங்கி வேகத்தைப் பிடித்து வைப்பது அவர் வேலை. மீதிப் பேரைத் தொடவே வேண்டாம்.

புதியவருக்கு இந்தத் தொடாமல் இருப்பதுதான் வராது. பொத்தான் இருக்கிறதே என்று அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்தின் நடுவில் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 121 வீரர்கள் கொண்ட பெலட்டானை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இது: கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர் மீது படும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர் மீது படுவதில் 5 முதல் 10 சதவீதம்தான். அந்த நிழலில் இருந்து ஒரு வீரரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு உத்தரவும் பணம் எடுப்பது மாதிரி. எதற்கு எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கையிருப்பு இருக்காது.

ஓடியவர்களை எப்போது பிடிப்பது? பிரெஞ்சு சைக்கிள் உலகத்தில் வர்ணனையாளர் ரொபேர் ஷபாத் பெயரால் ஒரு பழைய கணக்கு உண்டு. முழு வீச்சில் துரத்தும் பெலட்டானுக்கு ஒரு நிமிட இடைவெளியை மூட ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் வேண்டும். முடிவுக் கோட்டுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கையில் இடைவெளி மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு நிமிடம்தான் என்றால் ரிலேயில் இருக்கிற உங்கள் ஆளைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லலாம். சீக்கிரம் பிடித்தாலும் தப்புதான். புதிதாக நாலு பேர் பாய்வார்கள், மறுபடி துரத்த வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் சாட்சி. 2021 ஜூலை 25 அன்று பெண்கள் சாலை ரேஸில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே ஓடினார். அவரோடு ஓடிய மற்றவர்களைப் பெலட்டான் பிடித்தது. எல்லோரையும் பிடித்துவிட்டதாக நினைத்து, இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் ஜெயித்த மகிழ்ச்சியில் கையைத் தூக்கினார். கீசன்ஹோஃபர் 1 நிமிடம் 15 விநாடி முன்பே கோட்டைத் தாண்டியிருந்தார். ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு டீம் ரேடியோ கிடையாது. உங்களுக்கோ திரையில் இடைவெளி விநாடிக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. உலக சாம்பியன்களுக்கே அன்று கிடைக்காத தகவலை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

வேகக் கட்டுப்பாட்டையும் இங்கேதான் பழக வேண்டும். நடுப்பகுதியை எட்டு மடங்கில் ஓட்டுங்கள். கடைசி இருபது கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு, கடைசி ஐந்துக்கு சாதாரண வேகம். குழப்பம் வந்தால் நிறுத்திவைத்து உத்தரவுகளைக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். நிறுத்திவைப்பது ஏமாற்று வேலை என்று சித்தி மகன் சொல்வான். நிஜ ரேஸில் எட்டுப் பேருக்கு எட்டு மூளை இருக்கிறது, இங்கே ஒன்றுதான். லீட்-அவுட் ரயிலில் ஸ்பிரிண்டருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஸ்பிரிண்டரைச் சீக்கிரம் அவிழ்த்துவிடாதீர்கள். நிஜத்தில் பெரிய ஸ்பிரிண்டர்களே தங்கள் சொந்தக் காற்றில் ஓடுவது கடைசி இருநூறு முந்நூறு மீட்டர்தான்.

அடுத்து காற்று. இதில் குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு சலுகை உண்டு, பக்கக் காற்றைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் சைக்கிளில் போனவருக்குத் தெரியும், முப்பந்தல் காற்றாலைகள் வரை மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். காவல்கிணறு போய்த் தெற்கே திரும்பி, தேசிய நெடுஞ்சாலை 44-இல் கன்னியாகுமரிக்கு மிதித்தால் அதே காற்று வலப்பக்கத்தில் இருந்து அடிக்கும். முன்னால் போகிறவரின் நேர் பின்னால் இப்போது காற்றுக்கு ஒதுக்கம் இல்லை. அவருக்குப் பின்னே இடப்பக்கமாகத் தள்ளித்தான் இருக்கிறது. நாம் ஓட்டுவதோ சாலையின் இடது ஓரத்தில். இரண்டு மூன்று பேருக்கு மேல் சாய்வாக ஒதுங்க இடமில்லை, நாலாவது ஆள் மண்ணில் இறங்க வேண்டும், இல்லையென்றால் காற்றை முழுசாக வாங்க வேண்டும்.

கேமில் எக்கலான் என்று வரும் சாய்வு வரிசை இதேதான். ரேஸில் சாலை முழுவதும் வீரர்களுக்கே என்பதால் முன்னால் இருப்பவர் காற்றடிக்கும் ஓரத்துக்குப் போய்விடுவார், இன்னும் சிலருக்கு இடம் கிடைக்கும். சாலையின் அகலம் தீரும் இடத்தில் வரிசை முடிகிறது. மிச்சமுள்ளவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாகத் தொங்கி, ஒருவர் பிடியை விட்டதும் கூட்டம் அறுந்துபோகிறது. 2013 டூர் டி பிரான்ஸின் 13-வது ஸ்டேஜ், தூரிலிருந்து சாந்தமாந்த் மோன்த்ரோன் வரை, முழுக்கச் சமதரை. மொத்த நேரத்தில் முதலிடம் என்பதற்கான மஞ்சள் ஜெர்ஸியில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் அந்தக் காற்றில் அறுந்துபோய் அல்பெர்தோ கொன்தாதோரின் குழுவிடம் 1 நிமிடம் 9 விநாடி இழந்தார். சக்கரம் பழுதாகி நின்ற அலெஹாந்த்ரோ வால்வெர்தேவுக்குப் போனது கிட்டத்தட்ட பத்து நிமிடம். ஸ்டேஜை எடுத்தவர் மார்க் கேவண்டிஷ். மலையே இல்லாத நாளில் இவ்வளவு. அதனால் காற்று பலமாக இருக்கும் ஸ்டேஜில் சாலை திரும்பும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, அதற்குச் சில கிலோமீட்டர் முன்பே லீடரைப் பாதுகாப்பாளரோடு முதல் இருபது பேருக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். திரும்பிய பிறகு உத்தரவு கொடுத்துப் பிரயோஜனமில்லை. இதை ஒற்றை ஸ்டேஜில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தால்தான் கைக்கு வரும்.

மலைக்குக் கடைசியாகப் போங்கள். நாஞ்சில் நாட்டு வயல்வெளிச் சாலையில் ஓட்டுகிறவருக்கும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து மேடுபள்ளத்தில் ஓட்டுகிறவருக்கும் கால் வேறு மாதிரி அமையும். கேமிலும் குன்றும் மலையும் தனித்தனி எண்கள். குன்றில் நன்றாக ஓட்டுகிறவரை ஆல்ப்ஸில் நம்பிவிடக் கூடாது. மலையில் ஒதுங்குவதற்குப் பலன் குறைவு, காரணம் வேகம். காற்றைத் தள்ளச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஆவதில் எட்டில் ஒரு பங்குதான் 20-இல் ஆகும். மீதியெல்லாம் சொந்த எடையோடு சண்டை. ஆகவே இங்கே அட்டாக் பொத்தானைவிட முயற்சி அளவைக் கையால் நிர்ணயிக்கும் கட்டுப்பாடுதான் முக்கியம். எதிராளி பாய்ந்தால் உடனே பாயாமல், ஒரே அளவில் மிதித்து மெல்லப் பிடிப்பதுதான் பெரும்பாலும் மிச்சமாகும். கடிகாரத்தோடு ஒவ்வொருவராக ஓட்டும் டைம் ட்ரையலும் இதே கட்டுப்பாடுதான், ஆள் மட்டும் தனி. 2020 டூரின் 20-வது ஸ்டேஜில் 36.2 கிலோமீட்டர் டைம் ட்ரையலுக்கு 57 விநாடி பின்தங்கிப் புறப்பட்ட ததேய் போகாச்சர், மொத்தத்தில் 59 விநாடி முன்னிலையோடு மஞ்சள் ஜெர்ஸியை எடுத்தார். கேமில் அதைச் சிமுலேட் செய்துவிடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

யூடியூப் வீடியோக்கள் பார்க்கலாம், எந்தப் பொத்தான் எங்கே என்று தேட மட்டும். பல வீடியோக்களில் ஆடுபவர் ஏற்கெனவே தேறியவர், சும்மா இருக்கும் நேரத்தை வெட்டிவிடுவார். நமக்கு வேண்டியதே அந்த நேரம்தான். ஆன்லைனில் மனிதர்களோடு மோதுவது இப்போதைக்கு வேண்டாம்.

அவற்றைவிட நல்ல பாடம் ஜூலையில் நேரலை. பிரான்ஸுக்கும் நமக்கும் அப்போது மூன்றரை மணி நேர வித்தியாசம். பெரும்பாலான ஸ்டேஜ்கள் நம் சாயங்கால நேரத்தில் சூடுபிடித்து, இரவுச் சாப்பாட்டு வேளையில் முடியும். இடைவெளியையும் மீதி தூரத்தையும் குறித்துக்கொண்டு, ஷபாத் கணக்கை வைத்துப் பிடிப்பார்களா மாட்டார்களா என்று வீட்டில் பந்தயம் கட்டுங்கள்.

ஆக, பிசி இருப்பவருக்கு என் வரிசை: சமதரை, காற்று, குன்று, மலை என்று ஒற்றை ஸ்டேஜ்கள். பிறகு ஐந்தாறு நாள் டூர் ஒன்று, நேற்றைய களைப்பு இன்றைக்கு என்ன செய்யும் என்று பார்க்க. அதற்கப்புறம் கேரியர், அதுவும் சின்ன டீமோடு, தனக்கு முக்கியமான ரேஸ்களைக் கையால் ஓட்டி மற்றதைச் சிமுலேட் செய்தபடி. பலகை விளையாட்டு கிடைத்தால் எல்லாவற்றுக்கும் முன்னால். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் நீளமான மலை ஸ்டேஜை ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டாம், காற்று மாதங்களில் அது மின்வாரியத்தை நம்பி எடுக்கிற அட்டாக்.

வாங்குகிறவருக்கு இன்னொரு கணக்கு. புதிய பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் டூருக்கு முன்னால் ஜூன் வாக்கில் வரும். வீரர் பட்டியலும் சில வசதிகளும் மாறும். காற்றும் ஒதுக்கமும் இடைவெளிக் கணக்கும் மாறாது. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி விற்பனை வரும்போது முந்தைய பதிப்பை எடுத்து, ரசிகர்கள் செய்து பகிரும் வீரர் பட்டியலை அங்கேயே இருக்கும் வொர்க்‌ஷாப்பிலிருந்து இறக்கிக்கொண்டால், கற்றுக்கொள்கிற ஆளுக்கு அது தாராளம்.